புது ரூட்டர் வாங்குமுன் இதைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் பேசும்போது உன் குரல் பாதிக்குப் பாதி அறுந்துதான் வந்தது. வேலை நேரத்தில் நெட் போய்ப் போய் வருகிறது, மாப்பிள்ளை புது ரூட்டர் வாங்கிவிடலாம் என்கிறார், இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. வாங்குவதற்கு முன் இதைப் படி, கண்ணு. கோளாறு ரூட்டரில்தானா என்று தெரியாமல் காசைப் போடாதே.

வேலூர் ஆற்காடு ரோட்டில் நம் பிரவுசிங் சென்டர் நடந்த காலம் உனக்கு நினைவிருக்கும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காகக் கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருந்தவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். ரிப்போர்ட்டை வீட்டுக்கு அனுப்புவார்கள், காட்பாடியிலிருந்து திரும்ப ரயில் டிக்கெட் போடுவார்கள். 10 மணிக்குத் தட்கால் திறக்கிற நேரத்தில் ஒருவர் "நெட் போச்சு" என்றால், நான் அவர் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன். முதலில் பக்கத்து சீட்டுக்காரரைத்தான் கேட்பேன், "உங்களுக்கு வருதா?" என்று. அவருக்கு வந்தால் கோளாறு அந்த ஒரு மெஷினில். யாருக்குமே வரவில்லை என்றால் ரூட்டரிலோ, வெளி லைன் வந்து சேரும் பெட்டியான மோடத்திலோ, வெளியே லைனிலோ. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

நீயும் அங்கிருந்தே தொடங்கு. லேப்டாப்பில் நெட் போனதும் அதே வைஃபையில் உன் போனைப் பார். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் போன் உன்னை ஏமாற்றிவிடும். போனில் நன்றாக வந்தால் லேப்டாப்பை மட்டும் கவனித்தால் போதும்.

இரண்டிலும் இல்லையென்றால் மோடத்தின் லைட்டைப் பார். எல்.ஓ.எஸ். (LOS) என்ற லைட் சிவப்பாக எரிந்தால், ஃபைபர் என்கிற கண்ணாடி இழை வயரில் வர வேண்டிய ஒளி உன் வீடு வந்து சேரவில்லை. வெளியே கேபிள் அறுந்திருக்கலாம், உள்ளே கட்டில் காலுக்கோ பீரோவுக்கோ பின்னால் அந்த மெல்லிய வயர் மடிந்தும் கிடக்கலாம். ஃபைபர் செம்புக் கம்பி மாதிரி இல்லை, கூர்மையாக மடித்தால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். மடிப்பு இருந்தால் மெதுவாக நிமிர்த்திவிடு. வயரைக் கழற்றி முனையை மட்டும் கண்ணருகே கொண்டுபோகாதே. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். மடிப்பு எதுவும் இல்லையென்றால் நீ செய்ய வேறொன்றும் இல்லை. கம்ப்ளைண்ட் கொடுக்கும்போது "எல்.ஓ.எஸ். சிவப்பு" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடு, அவர்களுக்கு உடனே புரியும்.

எல்.ஓ.எஸ். அணைந்து, பான் (PON) என்ற லைட் பச்சையாக ஆடாமல் நின்றால் ஒளி வந்து சேர்கிறது என்று அர்த்தம். அடுத்தது மோடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவில் உள்ள கேபிள். எனக்கு எப்போதும் முதல் சந்தேகம் இதன் மேல்தான். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால், பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே கழன்றுகொள்ளும். போய்ப் போய் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ரூட்டரில் அது வான் (WAN) என்று எழுதிய ஓட்டையில்தான் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் கம்ப்யூட்டருக்கு. வேறு கேபிள் போட்டுப் பார், ரூட்டரை விட எத்தனையோ மடங்கு மலிவு.

அப்புறம் லேப்டாப்பைக் கேபிளில் ரூட்டரோடு சேர். கேபிளில் அறுபடாமல் வந்து வைஃபையில் மட்டும் அறுந்தால், நெட் சரியாகத்தான் இருக்கிறது, பெரும்பாலும் சுவர்தான் தடுக்கிறது. வைஃபையில் இரண்டு அலைவரிசை இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். 2.4 வேகம் குறைவு, தூரம் போகும். நீ வேலை செய்கிற உள் அறையில் 2.4 போட்டுப் பார்.

கேபிளிலும் வராவிட்டால் லேப்டாப்பின் ஐ.பி. எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியைப் பார். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு எண்ணே கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரூட்டர் வரைக்கும் வழி சரி. அதற்கப்புறம் 8.8.8.8 என்ற கூகுள் சர்வரின் எண்ணுக்குப் பிங் அடி, அதாவது பதில் வருகிறதா என்று கேட்டுப் பார். அது பதில் சொல்லி, தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸில் கோளாறு. ரூட்டரில் அதை மாற்றினால் சரியாகிவிடும், புது ரூட்டர் தேவையே இல்லை.

ரீஸ்டார்ட் செய்வதானால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் மோடம் போடு. அதன் லைட்டெல்லாம் நிலைத்த பிறகு ரூட்டர், கடைசியில் லேப்டாப். பின்னால் ஊசி விட்டு அழுத்துகிற ரீசெட் ஓட்டையை மாப்பிள்ளை தொட வேண்டாம் என்று சொல். கம்பெனி கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். அது எழுதிய சீட்டு உன்னிடம் இருக்கிறதா?

இன்னொன்று. மத்தியானத்தில்தான் அதிகம் போகிறது என்றாயே, ரூட்டரைத் தொட்டுப் பார். வேலூர் வெயிலில் நம் கடையில் அதை ஜன்னலோரம் வைக்கவே விட்டதில்லை. டி.வி. பெட்டிக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தால் வெளியே எடு. அடாப்டர் கை வைக்க முடியாதபடி சுட்டால் அதை மட்டும் மாற்று. பழையதில் எழுதியிருக்கும் அதே வோல்ட்தான் இருக்க வேண்டும், ஆம்பியர் மட்டும் பழையதற்குக் குறையாததாகப் பார்த்து வாங்கு.

அடுத்த தடவை நெட் போகும்போது பதறாமல் மோடத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, எந்த லைட் எரிகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். மீட்டிங் நடுவில் இருந்தால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலையைப் பார், இதெல்லாம் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா