பாதியாகக் குறைந்த பாக்கெட்

அன்புள்ள கண்ணா,

உன் செய்தியைப் படித்தேன். நாளைக்கு 16 சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன் வேப் என்கிற மின்சிகரெட் வாங்கிய பிறகு 7-க்கு வந்துவிட்டாய். அதில் ஊற்றும் திரவத்தில் நிகோடின் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம்தான், அதையும் சீக்கிரம் பூஜ்யமாக்கிவிடப் போகிறாய். தட்டிக்கொடுக்கத்தான் மனசு வருகிறது. ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாய் கண்ணா. விட வேண்டிய சிகரெட்டில் 7-ஐ மிச்சம் வைத்துவிட்டு, இப்போதைக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டிய நிகோடினில் கஞ்சத்தனம் பிடிக்கிறாய்.

முதலில் அந்த ஏழு சிகரெட்டைப் பார்ப்போம். 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 141 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று வந்தது. நாளைக்கு 20 சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் 46 சதவீதம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவர்களுக்கே கூடியிருந்தது. இருபதில் ஒன்றுதானே, ஆபத்தும் 5 சதவீதம்தான் இருக்கும் என்று நாம் மனக்கணக்குப் போடுவோம். ரத்தக்குழாய் அப்படிப் போடுவதில்லை. கொஞ்சம் புகை பட்டாலே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளத் தயாராகிவிடும், குழாயின் உட்சுவர் சுருங்க ஆரம்பித்துவிடும். நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கைக்கும் வருடக்கணக்குக்கும் மதிப்பு உண்டு, அதனால் 16-இலிருந்து 7-க்கு வந்தது வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதயத்தைப் பொறுத்தவரை நீ இன்னும் பழைய இடத்தை விட்டு அதிக தூரம் நகரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் மிச்சம் இருப்பதை ஆழமாகவும் கடைசி வரைக்கும் இழுப்பார்கள். தெரிந்து செய்வதில்லை, ரத்தம் பழைய நிகோடின் அளவைத் தேடுகிறது. 'லைட்' சிகரெட்டின் ஏமாற்று வேலையும் இதே வழியில்தான் நடந்தது. ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். சோதனை இயந்திரம் இழுக்கும்போது அவற்றின் வழியாகக் காற்று கலந்து தார் குறைவாகக் காட்டும். மனிதன் இழுக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளை அடைத்துக்கொள்ளும்.

இனி உன் 3 மில்லிகிராமுக்கு வருகிறேன். அது பெரிய மேகமாகப் புகை விடும், அதிக வாட் இழுக்கும் சாதனங்களுக்கான அளவு. உன்னுடையது பேனா மாதிரிச் சின்னது என்கிறாய். அதில் 3 ஊற்றினால் நாள் முழுக்க உறிஞ்சினாலும் ஆசை அடங்காது, கடைசியில் கை பாக்கெட்டுக்குத்தான் போகும். உன் ஏழு சிகரெட்டும் அங்கிருந்துதான் வருகின்றன என்பது என் கணிப்பு. நாளைக்கு 16 பிடித்தவனுக்கு, அப்படிப்பட்ட சின்ன சாதனத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 18 முதல் 20 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தில் வைத்திருக்கும் உச்ச வரம்பும் 20-தான். அந்த அளவு தொண்டையைக் கிழிக்காதா என்று கேட்பாய். சாதாரண நிகோடின் காரத்தன்மை உள்ளது, அதனால் உறைக்கும். பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து உப்பாக்கிவிட்டால் அந்த உறைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். 'நிகோடின் சால்ட்' என்று பாட்டிலில் எழுதியிருப்பது அதுதான். புகைப்பவனுக்கு இது உதவி. சிகரெட்டையே தொடாத பதினாறு வயதுப் பையனுக்கு இதுவே பொறி. முதல் இழுப்பிலேயே இருமிவிட்டுத் தூக்கிப் போட வைக்கும் அந்த உறைப்பு அவனிடம் வேலை செய்யாது. இந்தப் பொருள்களைப் பற்றிய கொள்கைச் சண்டை முக்கால்வாசி இந்த இரண்டு பேரில் யாரை மனதில் வைத்துச் சட்டம் எழுதுவது என்பதுதான்.

கருகிய வாடை வருகிறது என்றும் எழுதியிருந்தாய். சாதனத்துக்குள் சூடாகும் கம்பிச்சுருளை 'காயில்' என்பார்கள்; அதை ஒட்டியுள்ள பஞ்சு காய்ந்துபோய், திரவத்துக்குப் பதில் பஞ்சே தீய்கிறது. அப்போது ஆல்டிஹைடுகள் என்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும். அந்த இழுப்பை உள்ளே விடாதே. புதுக் காயில் போட்டால் திரவம் ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே வைத்திரு, பஞ்சு ஊறட்டும். கிளிசரின் அதிகமுள்ள கெட்டித் திரவம் சின்னக் காயிலில் ஏறாது. சிகரெட்டை இழுப்பதுபோல வெடுக்கென்று இழுப்பதும் தப்பு. மூன்று வினாடி மெதுவாக இழுக்க வேண்டும். பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வை. சில மில்லிலிட்டர் குடித்தாலே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து.

வேப் உதவுமா என்றால், உதவும். 2019-இல் இங்கிலாந்தில் 886 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் குழுவில் 18 சதவீதம். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், வாயில் மெல்லும் நிகோடின் கம் முதலியவை கொடுத்த குழுவில் 9.9 சதவீதம். வாய்ச்சொல்லை நம்பாமல், மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளந்து உறுதி செய்தார்கள். அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பார். வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப்பை விடவில்லை. மற்ற குழுவில் 9 சதவீதம் பேர்தான் பேட்சையோ கம்மையோ தொடர்ந்தார்கள். அந்த ஆய்வில் கொடுத்தது திரும்ப நிரப்பும் சாதனமும் 18 மில்லிகிராம் திரவமும். இன்று விற்கும் தூக்கியெறியும் வகைகளுக்கு அந்த முடிவை அப்படியே ஒட்டிவிட முடியாது. 'சிகரெட்டைவிட வேப்பால் 95 சதவீதம் பாதிப்பு குறைவு' என்ற வாசகத்தையும் ஆய்வகத்தில் அளந்து சொன்னதாக நினைக்காதே. நிபுணர்கள் உட்கார்ந்து போட்ட மதிப்பீடு அது. எரியும் சிகரெட்டை விடப் பாதிப்பு வெகுவாகக் குறைவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த 95 என்ற எண்ணில்தான் நம்பிக்கை இல்லை.

நீ ஊர் ஊராகப் போகிறவன் என்பதால் வேப்பைவிடப் பேட்சும் கம்மும் உனக்குத் தோது என்று எனக்குப் படுகிறது. இந்தியா 2019-இல் மின்சிகரெட் விற்பனையையே தடை செய்தது; சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். பேட்ச் மருந்தாக விற்கப்படுவது, அந்தத் தொல்லை இல்லை.

நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவருக்கு வழக்கமான அளவு: 21 மில்லிகிராம் பேட்ச் ஆறு வாரம், பிறகு 14 இரண்டு வாரம், பிறகு 7 இரண்டு வாரம். காலையில் குளித்து, நன்றாகத் துடைத்து, முடி இல்லாத இடத்தில், மேல் கையிலோ மார்பிலோ ஒட்டி உள்ளங்கையால் பத்து வினாடி அழுத்து. க்ரீம் தடவிய தோலில் நிற்காது. நாளுக்கொரு இடம் மாற்று, இல்லையென்றால் அரிக்கும். கெட்ட கனவு வந்து தூக்கம் கெட்டால் படுக்கும்போது எடுத்துவிடு. எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்துப் போடு. பழைய பேட்சிலும் நிகோடின் மிச்சம் இருக்கும்.

பேட்ச் அடித்தளம் மட்டுமே. சாப்பிட்ட பிறகோ, ஃபோன் பேசும்போதோ திடீரென்று வரும் ஆசைக்கு அது ஈடுகொடுக்காது, ஏனென்றால் அது ஏறுவதற்கே மணிக்கணக்கு ஆகும். அதற்குத்தான் கம். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் எடுப்பவர்களைவிட அதிகமாக வெல்கிறார்கள். இது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். ஆனால் கம்மைச் சூயிங்கம் மாதிரி மென்று தள்ளுகிறார்கள். நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும், விக்கல் வரும், நெஞ்சு எரியும், ஆசையும் அடங்காது. அப்புறம் 'கம் எனக்கு ஒத்துக்கவில்லை' என்பார்கள். மெதுவாக நாலைந்து கடி கடி. மிளகு மாதிரி சுரீர் என்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை. சுரீர் போனதும் மறுபடி கடி, இடம் மாற்றி ஒதுக்கு. அரை மணி நேரம் வரும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, ஜூஸ், கோலா எதுவும் வேண்டாம். வாய் புளித்திருந்தால் நிகோடின் உள்ளே இறங்காது. முதல் ஆறு வாரம் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று, ஆசை வரும் முன்பே போட்டுக்கொள். உதட்டுக்கு அடியில் வைக்கும் நிகோடின் பௌச் பற்றிக் கேட்டிருந்தாய். புகை இல்லை என்பது உண்மை, ஆனால் சிகரெட்டை விடுவதற்கு அது எவ்வளவு உதவும் என்பதற்கு ஆய்வுகள் குறைவு. இருக்கிற மருந்தை முதலில் பயன்படுத்து.

மாத்திரையும் உண்டு. வரெனிக்ளின் என்ற அந்த மாத்திரையை டாக்டர் எழுதித் தர வேண்டும். முதல் வாரம் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எட்டாம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் இரண்டு வேளை, மொத்தம் 12 வாரம். குமட்டும், சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டால் தாங்கலாம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அளவு மாறும். மனநிலையைக் கெடுக்கும் என்ற பழைய பயத்தை 2016-இல் 8,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வு பெருமளவு போக்கியது.

யாரும் சொல்லாத ஒன்று காபி. புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதியை முடுக்கிவிட்டிருக்கும். சிகரெட்டை நிறுத்தினால் சில நாளில் அந்த வேகம் இறங்கிவிடும். நீ குடிக்கும் அதே நாலு காபி ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் சிகரெட் இல்லாத ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பார்கள். நிறுத்தும் நாளிலிருந்தே காபியைப் பாதியாக்கு. இது புகையின் வேலை, நிகோடினுடையது அல்ல. பேட்ச் ஒட்டியிருந்தாலும் நடக்கும்.

சிகரெட்டை நிறுத்திய முதல் மூன்று நாள்தான் ஏக்கத்தின் உச்சம், பெரும்பாலும் மூன்று நாலு வாரத்தில் தணியும். நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் பேட்சைப் பிய்த்து எறியாதே. பேட்சோடு சிகரெட் பிடித்தால் மாரடைப்பு வரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. பேட்சைக் கழற்றிவிட்டால்தான் அந்த ஒன்று அடுத்த பாக்கெட்டாகிவிடலாம். ஒட்டியபடியே தொடர்.

கம் 2 மில்லிகிராமா 4 மில்லிகிராமா என்பது எத்தனை பிடிக்கிறாய் என்பதில் மட்டும் இல்லை. ராத்திரி முழுக்க நிகோடின் இறங்கிய உடம்பு காலையில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதில் இருக்கிறது. எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் 4. ஆகவே நாளைக் காலை கண் விழித்ததும் கடிகாரத்தைப் பார், பற்ற வைக்கும்போது மறுபடி பார். எத்தனை நிமிடம் என்று எழுதி அனுப்பு. நிறுத்தும் தேதியை அதற்கப்புறம் குறிக்கலாம்.

இப்படிக்கு,
அம்மா