அகலமான காலுக்கு ஒரு மழை ஷூ: ஆம்பூர், ராணிப்பேட்டை காலணித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிகளில் காலணி செய்யும் நிறுவனத்தாருக்கும், அங்கே அச்சும் அளவும் தீர்மானிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். தண்ணீர் புகாத மலையேற்ற ஷூவை இரண்டு அகலங்களிலாவது செய்யுங்கள். அந்த அகலத்தைப் பெட்டியின் மேலே எண்ணாக அச்சிட்டு எங்கள் ஊர்க் கடைகளுக்கும் அனுப்புங்கள்.

செட்டிநாட்டுப் பக்கம் வீட்டுக்குள் செருப்பு கிடையாது, கோயிலுக்குள்ளும் கிடையாது. தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் வெறுங்காலோடுதான் போகிறார்கள். வெளியே கிளம்பினால் செருப்பு. அதுவும் முன்பக்கம் திறந்தது. இப்படி வளர்கிற பாதம் விரல்களை ஒட்டிய இடத்தில் நன்றாக விரிந்துவிடும். வெறுங்காலோடு வளர்ந்தவர்களையும் ஷூவோடு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. இதில் குறை ஒன்றும் இல்லை, தரையை நன்றாகப் பிடித்து நிற்கிற பாதம் அது. செருப்பு போடுகிறவரை அந்த அகலம் தெரியவே தெரியாது. சுண்டுவிரல் ஓரத்தில் கொஞ்சம் வெளியே நின்றாலும் நடந்துவிடலாம். மூடிய ஷூவுக்குள் காலை நுழைக்கும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது.

முன்பு எங்கள் ஆட்களுக்கு மூடிய ஷூ பெரிதாகத் தேவைப்படவில்லை. சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை ஏறச் செருப்பே போதும். இப்போது நிலைமை வேறு. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 மலைப் பாதைகளைத் திறந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் வேன் பிடித்துக் குரங்கணிக்கும் டாப்சிலிப்புக்கும் போகிறார்கள். அட்டை கடிக்கும் ஈரக் காட்டில் கால் நனையாமல் நடக்க ஒரு ஷூ கேட்டுக் கடைக்குப் போனால், கிடைக்கிற பதில் இரண்டே இரண்டு: “போடப் போட லூசாயிடும்ண்ணே”, “ஒரு சைஸ் கூடப் போட்டுக்கங்க”. கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் இருக்கிற சரக்கை வைத்து அவர்களால் அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் தண்ணீர் புகாத ஷூவைப் பொறுத்தவரை இரண்டுமே தப்பு.

சாதாரணத் தோல் ஷூ போடப் போடக் கொஞ்சம் விரியும். விரியாவிட்டால் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துக் கட்டை போட்டு விரித்துக்கொள்ளலாம். தண்ணீர் புகாத ஷூவின் கதையே வேறு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேல்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே சாக்ஸ் மாதிரி ஒரு மெல்லிய சவ்வுப் பை இருக்கிறது. கோர்டெக்ஸ் என்ற பிராண்டுப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியும். மற்ற கம்பெனிகளும் அதே முறையில்தான் செய்கின்றன. அந்தப் பையில் தையல் போன துளைகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருப்பீர்கள். அந்தப் பை தோல் மாதிரி இழுத்து விரிகிற சாமான் இல்லை. கட்டை போட்டு விரித்தால் டேப் விடும், சவ்வு கிழியும், அப்புறம் தண்ணீர் உள்ளே வரும். போதாக்குறைக்கு அந்தப் பையே உள்ளிடத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்வதால், ஒரே மாடலில் சாதாரண ஷூ சரியாக இருக்கிறவருக்குத் தண்ணீர் புகாத ஷூ இறுக்கிப் பிடிக்கிறது. ஆக, இந்த ஷூவுக்கு அகலம் உங்கள் தொழிற்சாலையில் லாஸ்ட் அச்சு, அதாவது ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் போன்ற கட்டை, செதுக்கும் அன்றைக்கே வந்தால்தான் உண்டு. வாங்கியவர் பிறகு செய்துகொள்ள வழியே இல்லை. மற்ற ஷூக்களை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொண்டு நான் மடல் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது, ஒரு சைஸ் கூட்டிப் போடுவது. நம் கடைகளில் புழங்குகிற இங்கிலாந்து அளவில் ஒரு சைஸ் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் நீளம். அகலம் கூடுவது அதில் ஒரு சிறு பங்குதான். அகலம் தேடிப் போனவருக்கு நீளம் கிடைக்கிறது. பாதம் மடிகிற இடம் ஒன்று, ஷூ மடிகிற இடம் இன்னொன்று என்று ஆகிவிடும். குதிகால் தூக்கித் தூக்கி அடிக்கும், கொப்புளம் வரும். ஏறும்போதுகூடச் சமாளித்துவிடலாம். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி, பெருவிரல் நகம் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். எங்களோடு நடந்தவர்களில் கறுத்த நகத்தோடு வீடு திரும்பியவர்கள் உண்டு. ஷூ பழகவில்லை, அதனால்தான் என்று தங்களையே நொந்துகொண்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. தப்பு அவர்கள் காலில் இல்லை.

பெண்கள் பாடு இன்னும் மோசம். பெண்களுக்கான ஷூ குறுகலான அச்சில்தான் வருகிறது. அகலம் வேண்டுமென்றால் ஆண்கள் ஷூவை வாங்குகிறார்கள். முன்பக்கம் சரியாகிறது, குதிகால் தொளதொளவென்று ஆடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. பாதத்தில் உணர்வு மங்கியவருக்கு ஷூ கடிப்பதே தெரியாது. சாக்ஸைக் கழற்றும்போதுதான் புண் தெரியும். ஊரில் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு கவனமாக இருக்கிறவர், மலைக்குப் போகிற அன்றைக்குக் குறுகலான ஷூவுக்குள் காலைத் திணிக்கக் கூடாது.

அளவெடுக்கும் வேலையை நீங்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதும் இல்லை. மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து காரைக்குடிக்கு வந்த சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அதே சி.எஸ்.ஐ.ஆரின் இன்னொரு நிறுவனம்தான் உங்களுக்கு நன்றாகப் பழக்கமான, சென்னை அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அவர்கள் முப்பரிமாண ஸ்கேனில் அளந்திருக்கிறார்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம் பாதம் பொதுவாக அகலம் என்பது அதில் தெரியவந்தது. இந்தியாவுக்கென்று ‘பா’ என்ற புது அளவு முறையையும் முன்மொழிந்திருக்கிறார்கள். எல்லாக் காலணிக்கும் அது வந்துசேரும்வரை காத்திருக்காமல், மலையேற்ற ஷூவிலிருந்து நீங்கள் தொடங்கலாமே.

அகலத்தைக் குறிக்க வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அமெரிக்க முறையில் ஆண்களுக்கு டி என்றால் சாதாரணம், 2இ அகலம், 4இ மிக அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். நியூ பேலன்ஸ், மெர்ரெல் போன்றவை அங்கே இப்படிப் பிரித்து விற்கின்றன. எனக்குப் பிடித்தது இந்த எழுத்துகளைவிட மாண்டோபாயின்ட் முறை. ராணுவ பூட்ஸில் பார்த்திருப்பீர்கள்: 270/106 என்று போட்டால் பாதம் 270 மில்லிமீட்டர் நீளம், 106 மில்லிமீட்டர் அகலம். ஒரு தாளில் காலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, ஸ்கேலை வைத்து அளந்தால் தேவகோட்டையில் இருக்கிற பாட்டிகூடத் தன் அளவைச் சொல்லிவிடுவார். விரல் பகுதி மட்டும் அகலமா, நடுப்பாதமும் அகலமா என்பதையும் எழுதினால் ரொம்ப நல்லது. ஆல்ட்ரா மாதிரி ஷூக்கள் விரல் பக்கம் தாராளமாக விட்டிருக்கும். புறங்கால் சதைப்பற்றாக இருப்பவருக்கு அது மட்டும் போதாது.

ஒவ்வொரு அகலத்துக்கும் தனி அச்சு, தனி இருப்பு என்று செலவு ஏறும், எனக்கும் புரிகிறது. எட்டு சைஸ் ஓடுகிற மாடலை மூன்று அகலத்தில் செய்தால் 24 வகை ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு மாடலில் தொடங்குங்கள். முடியாவிட்டால் அகலமான அச்சில் மட்டும் செய்து, மெல்லியது ஒன்றும் தடித்தது ஒன்றுமாக இரண்டு இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் போடும், கழற்றக்கூடிய மெத்தை) கூடவே கொடுங்கள். ஒல்லிக் கால்காரர் தடித்ததைப் போட்டு நிரப்பிக்கொள்வார். குறுகலான ஷூவை அப்படி எதுவும் செய்ய முடியாது.

கடைகளுக்கும் நீங்கள் ஒரு சீட்டு எழுதி அனுப்பலாம். காலையில் அளக்காமல், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற சாயங்காலம் அளக்கச் சொல்லுங்கள். மலைக்குப் போடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, முழு எடையோடு அதன் மேல் ஏறி நிற்கச் சொல்லுங்கள். சதை இரண்டு பக்கமும் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். அகலம் சரி, புறங்காலில் மட்டும் அழுத்துகிறது என்றால், அந்த இடத்தில் கயிற்றைக் குறுக்கே மாட்டாமல் நேராக அடுத்த துளைக்கு ஏற்றிக் கட்டலாம்.

எல்லாருக்கும் தண்ணீர் புகாத ஷூவையே தள்ளிவிடவும் வேண்டாம். உள்ளே சூடும் ஈரமும் வெளியைவிட அதிகமாக இருந்தால்தான் வியர்வை அந்தச் சவ்வு வழியே வெளியேறும். சித்திரை வெயிலில் எங்கள் செம்மண் பாதையில் அதைப் போட்டு நடந்தால் கால் வெந்துவிடும். மேலிருந்து தண்ணீர் இறங்கிவிட்டாலோ சீக்கிரம் காயாது. வால்பாறையில் ஆடி மழைக்கும், எங்கள் கண்மாய்க் கரையில் ஐப்பசி கார்த்திகைச் சேற்றுக்கும்தான் அது பொருத்தம்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் கொடுக்கும் அச்சுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் செய்து அனுப்புகிற கைகள் உங்களுடையவை. அந்தத் திறமையில் கொஞ்சம் எங்களுக்கும் வேண்டும். முதல் ஜோடிகள் தயாரானதும் போட்டுப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள். எங்கள் நடைக் குழுவில் அகலமான கால் உள்ள ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டு நடந்து, எங்கே இடிக்கிறது, எங்கே நனைகிறது என்று ஒவ்வொன்றாக எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடி நடைக் குழுவைச் சேர்ந்த ஒருவர்