ஸ்கேனில் தெரிவது நோயா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஹைதராபாதில் உள்ள இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பத்தில் ஹன்டிங்டன் நோய் உண்டு. மூளையின் சில பகுதிகள் மெல்லச் சுருங்கி, கை கால் தானாக ஆடத் தொடங்கும் பரம்பரை நோய் அது. பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணுப் பிழை இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்து சேர சரிபாதி வாய்ப்பு. மரபணு நோய் என்று சொல்லி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2018-இல் நீங்கள் சுற்றறிக்கை விட்டீர்கள். நன்றி. ஆனால் அது மரபணுவைப் பற்றியது. நான் கேட்க வந்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேனைப் பற்றி.

மூளையின் நடுவில், நீர் நிறைந்த அறையின் சுவரில் புடைத்துக்கொண்டிருக்கும் பகுதிக்குக் காடேட் என்று பெயர். பக்கத்திலேயே புடாமென். இந்த நோயில் முதலில் சுருங்குபவை இவைதான். கை கால் ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் முன்பே சுருக்கம் ஆரம்பித்துவிடுகிறது. லண்டன், பாரிஸ், லெய்டன், வான்கூவர் ஆகிய நான்கு ஊர்களில் 2008-இல் தொடங்கி, 366 பேரை ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு இதை நன்றாகவே காட்டியது. தொடக்கத்தில் கண்ணால் படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மென்பொருள் கன அளவைக் கணக்கிட்டு, வயதோடும் மண்டையோட்டின் அளவோடும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். அந்த ஆள் அப்போது வண்டி ஓட்டிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, நன்றாகத்தான் இருப்பார்.

2022-இல் ஆய்வாளர்கள் நோயைப் புதிதாகப் படிநிலைகளாகப் பிரித்தார்கள். மரபணுப் பிழை மட்டும் இருந்தால் பூஜ்யம். காடேட், புடாமென் சுருக்கம் அளவில் தெரிந்தால் முதல் நிலை. அறிகுறி வருவது இரண்டாம் நிலையில்தான். ஆராய்ச்சிக்கு மட்டுமே இந்தப் பிரிவு, சிகிச்சை அறைக்கு அல்ல என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 'ஹன்டிங்டன் நோய், முதல் நிலை' என்று ஒரு காகிதத்தில் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் அதை எப்படி வாசிக்கும்? 'ஏற்கெனவே இருந்த நோய்' என்ற விதி கையில் தயாராக இருக்கிறதே. அந்த விதிப்படி அந்த நோய்க்குக் காப்பீடு கிடைக்காத காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை.

இந்தப் பயம் இருந்தால் ஆராய்ச்சிக்கு யார் தலையைக் கொடுப்பார்கள்? மருந்தை அறிகுறிக்கு முன்பே கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றால், மரபணுப் பிழை இருந்தும் அறிகுறி வராத ஆட்கள்தான் வேண்டும்.

ஆகவே, அறிகுறி இல்லாதவரின் மூளை அளவு மட்டும் நோய் கண்டறிதல் ஆகாது என்றும், ஆய்வுக்காக எடுத்த ஸ்கேனை விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது என்றும் ஒரு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்துங்கள். ஆயுள் காப்பீட்டுக்கும் சேர்த்தே.

இப்படிக்கு,
ஹன்டிங்டன் குடும்பம் ஒன்றிலிருந்து