கள ஆய்வுக்குப் புறப்படும் முன்பே பணம் கொடுங்கள்

எங்கள் பல்கலைக்கழக நிதிப் பிரிவு அலுவலர்களுக்கு,

வணக்கம். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி (ரப்பர் மரம் கீறிப் பால் எடுத்து) ஓய்ந்த பெரியவர்களின் கதைகளைப் பதிவுசெய்யத் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் பினாங்கு வந்திருக்கிறேன். நீங்கள் ஒதுக்கிய தொகையில் குறையில்லை. அது கைக்கு வரும் நேரம்தான் சிக்கல். முதலில் செலவு செய், ரசீது கொடு, அப்புறம் வாங்கிக்கொள் என்கிறீர்கள். உதவித்தொகையே இரண்டு மாதம் தள்ளி வரும்போது, முதலில் செலவு செய்ய என்ன இருக்கும்?

மூன்றாம் வாரம் ஜார்ஜ்டவுன் ஏடிஎம்மில் என் அட்டை வேலை செய்யவில்லை. 2020 முதல் நம் வங்கிகள் தரும் புது அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் திறந்துவிட வேண்டும். எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. அதற்கான ஓடிபியோ ரோமிங் இல்லாத என் ஊர் சிம்முக்குப் போனது. கையில் இருந்தது பதினொரு வெள்ளி (ரிங்கிட்டை இங்கே நம்மவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்). ஒரு பாட்டியின் பேச்சைப் பதிவுசெய்ய, பட்டர்வொர்த்துக்குப் படகேறி நிபோங் திபால் போக வேண்டிய நாள் அது. போகவில்லை. அப்பா பையில் செருகிவிட்ட ரூபாய் நோட்டுகளை லிட்டில் இந்தியாவில் மாற்றிக்கொண்டு மறுவாரம் போனேன். அந்தப் பாட்டி மருத்துவமனையில் இருந்தார். அவர் பேச்சு இன்னும் பதிவாகவில்லை.

ரசீது விஷயமும் அப்படித்தான். ஒட்டுக்கடையில் (தெருவோரச் சாப்பாட்டுக் கடையில்) ரசீது ஏது? தோட்டத்துக்குள் பேருந்து போகாது. பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். பெட்ரோலுக்குப் பத்து வெள்ளி கொடுத்து, உங்களுக்காக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டேன். முகம் வாடிவிட்டது. "காசுக்காகவா கூட்டிட்டு வந்தேன், அக்கா?" என்றார். அதன்பிறகு யாரிடமும் நான் கையெழுத்துக் கேட்கவில்லை. வெளிநாட்டவர் என்பதால் விடுதி அறைக்கு இரவுக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி வேறு. 2017 முதல் இருக்கும் வரி, உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

தொகையில் முக்கால் பங்கையாவது புறப்படும் முன்பே கொடுங்கள். சின்னச் செலவுகளுக்கு ஆய்வாளர் தேதி போட்டு எழுதித் தரும் குறிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பயண அனுமதிக் கடிதத்தோடு அட்டை, சிம் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த மாதம் என் துறைத் தோழி இலங்கை மலையகத்துக்குப் புறப்படுகிறாள். அவள் விண்ணப்பம் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

நன்றியுடன்,
பினாங்கிலிருந்து ஓர் ஆய்வு மாணவி