கூட்டும் கூட்டலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நாகோயாவில் இன்னும் குளிர் விடவில்லை. மற்றபடி சுகம்.

ஜப்பான்காரர்கள் சண்டையே போடமாட்டார்களாமே என்று கேட்டிருந்தாய். போடுவார்கள். ஆனால் 'வா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இணக்கம் என்று பொருள். நம் காதுக்கு யாரோ கூப்பிடுவது போல விழும். அதை ஒரே எழுத்தில் எழுதுவார்கள். நாட்டையே அந்த எழுத்தாலும் குறிப்பார்கள்: ஜப்பானியச் சாப்பாடு வாஷோகு, கைக்காகிதம் வாஷி. கணக்கு வாத்தியாரான உனக்கு இன்னொன்று: இரண்டு எண்களைக் கூட்டி வரும் தொகைக்கும் பள்ளிக்கூடத்தில் 'வா' என்றுதான் பெயர்.

போன வாரம் அடுத்த வீட்டு அம்மா கோமா-அயே செய்யக் கற்றுக்கொடுத்தார். பாலக்கீரையை வேகவைத்து, ஒட்டப் பிழிந்து நறுக்க வேண்டும். உள்ளே கோடு கோடாகக் கீறிய மண்சட்டியில் வறுத்த எள்ளைப் போட்டு அரைகுறையாகத் தேய்த்து, சர்க்கரையும் சோயா சாஸும் சேர்த்து, சாப்பிடும் நேரத்தில்தான் பிரட்ட வேண்டும். முன்னாடியே கலந்தால் கீரை தண்ணீர் விட்டுவிடும். பெயரை எழுதிக் காட்டினார். இங்கே 'அயே' என்று படித்தாலும், பிரட்டுவதற்கும் அதே 'வா' எழுத்து! கூட்டு, கூட்டல், கூடி வாழ்வது என்று நாம் ஒரே வேரில் வைத்திருப்பதை இவர்கள் ஒரே எழுத்தில் வைத்திருக்கிறார்கள். வாயில் போட்டால் கீரை கீரையாகவும் எள் எள்ளாகவும் தெரிந்தது. அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு.

வந்த புதிதில் அலுவலகக் கூட்டத்தில் எழுந்து, திட்டம் சரியில்லை என்று நேராகச் சொல்லிவிட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் மட்டும் 'கொஞ்சம்...' என்று இழுத்து நிறுத்தினார். அதுதான் மறுப்பு என்பது பிறகுதான் புரிந்தது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிவிட வேண்டுமாம். அதற்கு நெமவாஷி என்று பெயர். மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவம் செய்யும் தோட்டவேலைச் சொல் அது.

604-இல் ஷோதொகு இளவரசர் இயற்றியதாகச் சொல்லப்படும் 17 விதிகளில் முதலாவது, 'வா'வைப் போற்று என்கிறது. அதை இங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கடைசி விதி: பெரிய காரியங்களைத் தனியாளாக முடிவு செய்யாதே, பலரோடு கலந்து பேசு. பேச்சை அடக்குவதற்கு 'வா' என்று பெயர் வைப்பவர்கள் அந்தப் பதினேழாவதை மறந்துவிடுகிறார்கள். ஊரை விட்டு ஒதுக்கி வைப்பதற்கு இங்கேயும் ஒரு சொல் உண்டு, முராஹாச்சிபு. தீ விபத்துக்கும் சாவுக்கும் மட்டும் வருவார்கள், மற்ற எட்டு காரியங்களுக்கு எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். கேட்டபோது நம் ஊர் ஞாபகம் வந்து மனசு கனத்துவிட்டது.

அப்புறம், வீட்டுப் பாகம் விஷயமாகத் தம்பியிடம் பேசினாயா? பெரியவர்களைக் கூட்டி உட்காருவதற்கு முன்னால், ஒரு தடவை நீ மட்டும் அவன் வீட்டுக்குப் போய் வா. அவன் சொல்லி முடிக்கும்வரை ம் மட்டும் கொட்டு. இங்கே தொலைபேசியில்கூட ம் கொட்டாவிட்டால், லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டுவிடுவார்கள்.

அவன் என்ன சொன்னான் என்று எழுது.

உன்,
பழைய அறைத் தோழன்