சிவப்பு மையில அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூணாம் வகுப்பு படிக்கிற எம்பொண்ணு போன வாரம் டிக்டேஷன் நோட்ட காட்டாம பையிலயே ஒளிச்சு வச்சிருந்தா, நானாத்தான் எடுத்துப் பாத்தேன். பத்து வார்த்தைல ஆறு சிவப்பு மையில அடிச்சிருக்கு. போர்வீரன்னு அர்த்தம் வர்ற நைட்டுக்கு என், ஐ, டி, ஈ-ன்னு எழுதிருக்கா, கடன்னு அர்த்தம் வர்ற டெட்டுக்கு டி, ஈ, டி, ஐலண்ட்ல எஸ் போடவே இல்ல. கீழ "கவனம் இல்லை, பத்து முறை எழுதவும்"னு குறிப்பு. எனக்கு மனசு ஆறவே இல்லைங்க. ஏன்னா இது கவனமில்லாத பிள்ளை எழுதினது இல்ல, காதுல விழுந்தத அப்படியே எழுத்துல கொண்டுவந்த பிள்ளை எழுதினது.

அந்த டெட்டையே எடுத்துக்குவோம். அது பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்தப்ப அதுல பி கிடையாது. பின்னாடி வந்த படிச்சவங்க லத்தீன்ல இதோட மூலம் "டெபிட்டும்"ங்கற வார்த்தையாச்சே, அது தெரியணும்னு பி-ய சொருகுனாங்க, ஆனா யாரும் அத வாயால சொன்னது இல்ல. ஐலண்ட் கதை இன்னும் மோசம். அந்தப் பழைய இங்கிலீஷ் வார்த்தைல எஸ் இருந்ததே இல்ல, லத்தீன் வழி வந்த ஐல்-ங்கற வேற ஒரு வார்த்தையோட இத சேத்துக் குழப்பி உள்ள போட்டுட்டாங்க. ஆக, பெரியவங்க எப்பவோ பண்ணின குழப்பத்த எட்டு வயசுப் பிள்ளை பண்ணலன்னு இம்போசிஷன், இது நியாயமாங்க?

நைட்டுல மட்டும் கதை வேற, அதுல இருக்கற எழுத்தெல்லாம் ஒரு காலத்துல நிஜமாவே வாயில வந்ததுதான். முன்னாடி கே-யயும் சொன்னாங்க, நடுவுல ஜி ஹெச்ச தொண்டைலேர்ந்து ஒரு ஹ் மாதிரி சொன்னாங்க, கிட்டத்தட்ட "க்னிஹ்ட்". 1476-ல வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல இங்கிலாந்தோட முதல் அச்சகத்த ஆரம்பிச்சாரு, அச்சுல ஏற ஏற ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல ஒரு இடத்துல நின்னு போச்சு, ஆனா பேச்சு நிக்கல, சுமாரா 1400லேர்ந்து 1700 வரைக்கும் அவங்க நெடில் ஓசையெல்லாம் இடம் மாறிக்கிட்டே இருந்துச்சு. இப்ப நேம்னு சொல்றத முன்னாடி "நாம"ன்னும் டைம்ங்கறத "டீம"ன்னும் சொல்ற மாதிரி இருந்திருக்கு. வாய் மாறிடுச்சு, எழுத்து பழசாவே இருக்கு.

இத சொன்னா "அப்ப ஸ்பெல்லிங்கே வேண்டாங்கிறீங்களா"ன்னு கேப்பாங்க. வேணும், கண்டிப்பா வேணும். ஆனா வரிசை தலைகீழா இருக்கு. நம்ம தமிழையே பாருங்க, கடல், தங்கம், மகன், மூணுலயும் க-வரிசை எழுத்துதான், மூணுலயும் சத்தம் வேற வேற. இதுக்கு யாராவது நமக்கு ரூல் சொல்லிக் குடுத்தாங்களா? அஞ்சு வருஷம் காதால கேட்டு முடிச்சிட்டுதான் சிலேட்ட தொட்டோம், அதனால எழுத்தப் பாத்ததும் சத்தம் தானா வந்துச்சு. மேல நான் டி, ஈ, டி-ன்னு எழுதினேனே, அதுல முதல் டி-யும் கடைசி டி-யும் வேற வேற இங்கிலீஷ் எழுத்து, தமிழ்ல ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்குது, இருந்தாலும் நீங்க சரியாத்தான் படிச்சிருப்பீங்க. இங்கிலீஷ்ல இருக்கறது 26 எழுத்து, சத்தமோ சுமாரா 44. அந்த 44-ஐயும் காதுல போடாம 26-ஐ மட்டும் கையில குடுத்து எழுதுன்னா பிள்ளை என்ன பண்ணும், மனப்பாடம்தான் பண்ணும்.

அப்படி மனப்பாடம் பண்ணி வந்தவதான் நானும். பதினஞ்சு வருஷம் இங்கிலீஷ் படிச்சு கிராமர்ல நல்ல மார்க் வாங்கினவ, முதல் வேலைல ஃபோன் எடுத்தப்ப அந்தப் பக்கம் ஒருத்தர் "ஃபடாக்ரஃபர்" வேணும்னு மூணு தடவ சொல்லியும் எனக்குப் புரியல. நான் புத்தகத்துல பாத்து வச்சிருந்தது ஃபோட்டோ-கிராஃபர். ஃபோட்டோகிராஃப்னா முதல் அசைல அழுத்தம், அதுவே ஃபோட்டோகிராஃபர்னு ஆனா அழுத்தம் ரெண்டாவது அசைக்குப் போயிடும், அழுத்தம் இல்லாத இடத்துல உயிர் ஓசை தேஞ்சு வெறும் ஒரு "அ" மாதிரி ஆயிடும். இங்கிலீஷ்ல அதிகமா வர்ற உயிர் ஓசையே இந்தத் தேஞ்ச ஓசைதான், அதுக்குன்னு ஒரு தனி எழுத்து கூட கிடையாது. தமிழ்ல இப்படி அழுத்தத்த மாத்தி அர்த்தத்த மாத்துற பழக்கம் நமக்கு இல்ல, அதனால யாராவது சொன்னாத்தான் காது அத கவனிக்கும். எனக்கு ஒரு டீச்சரும் சொல்லல, அவங்களுக்கும் யாரும் சொல்லிருக்க மாட்டாங்க, அவங்கள குறை சொல்லி என்ன ஆகப்போகுது.

டீச்சர்ங்ககிட்ட நான் கேக்கறது இதுதாங்க. பாடத்த முதல்ல புத்தகத்த மூடி வச்சிட்டு வாசிச்சுக் காட்டுங்க, பிள்ளைங்க ரெண்டு மூணு தடவ கேக்கட்டும், வாயால சொல்லட்டும், அப்புறம் எழுத்தக் காட்டுங்க. ஸ்பெல்லிங்க ஒத்த ஒத்தையா குடுக்காம நைஃப், நீ, நாக், நோ-ன்னு கே ஊமையா நிக்கிற வார்த்தையெல்லாம் ஒரு குடும்பமா குடுங்க. தப்பு வந்தா அடிக்கிறதுக்கு முன்னாடி அது எந்தத் தப்புன்னு பாருங்க, கேட்டத எழுதின தப்பும் கேக்காமலே எழுதின தப்பும் ஒண்ணு இல்ல.

அன்னைக்கு ராத்திரி எம்பொண்ணுகிட்ட இந்த கே கதைய சொன்னேன். மறுநாள் காலைல பல்லு வெளக்கிக்கிட்டே "க்னைஃப், க்னீ, க்னாக்"னு சத்தமா சொல்லிட்டுத் திரிஞ்சா, அப்புறம் அவளே நோட்ட எடுத்துட்டு வந்து "ஐலண்டுக்கு யாரும்மா எஸ் போட்டாங்க, மறுபடி சொல்லு"ன்னு உக்காந்தா.

உங்க சிறுவர் பக்கத்துல வாரம் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காவது இப்படி அது வந்த வழிய நாலு வரில போட முடியுமான்னு தயவுசெஞ்சு பாருங்க. வெட்டி ஒட்டி வைக்க ஒரு நோட்டு தயாரா இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி