வீட்டில் முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கப் பயிற்சி, இரண்டாம் அணி: நன்கொடை வேண்டுகோள்

பாவூர்சத்திரம் சுற்றுவட்டார மக்களுக்கும், சென்னை, பெங்களூரு, துபாய் என்று வெளியில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பயிற்சிக் குழுவின் வணக்கம்.

நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது யாரோ படுத்த படுக்கையாக இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். 'பார்த்துக்க ஆள் வேணும்' என்று ஏஜென்சியில் சொன்னால் ஓர் ஆள் வருகிறார். தங்கமான மனுஷியாகக்கூட இருப்பார். ஆனால் பக்கவாதம் வந்தவரைச் செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பில் புண் வரும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிய கையோடு மட்டமாகக் கிடத்தினால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். சிறுநீர்ப் பை எப்போதும் வயிற்றுக்குக் கீழேதான் தொங்க வேண்டும். சட்டை போடும்போது முடங்கிய கை முதலில், கழற்றும்போது கடைசியில். மூன்று மாதம் பழகினால் கைவந்துவிடும் தொழில் இது. 'ஆயா வேலை' என்று சொல்லிச் சொல்லியே நாம்தான் இதைத் தொழிலாக மதிக்காமல் விட்டுவிட்டோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தொட்டவர்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகப் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். மாத்திரை கொடுக்க வந்தவர்கள் போன பிறகு குளிப்பாட்ட, புரட்ட, ஊட்ட யார்? பக்கத்து ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர் ஆட்களையே பழக்கி மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறது. அதைப் பார்த்துத்தான் முதியவர்களுக்கும் இப்படிச் செய்யலாமே என்று இறங்கினோம்.

முதல் அணியில் தவறு செய்தோம், ஒளிக்க விரும்பவில்லை. பயிற்சி இலவசம் என்றால் போதும் என்று நினைத்தோம். 9 பெண்கள் சேர்ந்தார்கள், 4 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். பகலெல்லாம் வகுப்பில் இருந்தால் முறத்தில் இலையும் தூளும் அப்படியே கிடக்கும். வாரக் கணக்கில் காசு குறையும். இலவசம் என்பது எங்கள் கணக்கில்தான், அவர்கள் கணக்கில் இல்லை. முடித்த 5 பேருக்கும் இப்போது வேலை இருக்கிறது, சொந்த ஊரிலேயே.

அதனால் இந்த முறை 12 பேருக்கும் வகுப்புக்கு வரும் நாளெல்லாம் 250 ரூபாய் உதவித்தொகை. 75 நாள், மொத்தம் 2,25,000 ரூபாய். சொல்லித் தரும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா இருவருக்கும் 60,000. ஆஸ்பத்திரி கட்டில், காற்று மெத்தை, பழகிப் பார்க்கப் பொம்மை எல்லாம் சேர்த்து 40,000 (கட்டில் பழையதுதான்). பஸ் செலவு 15,000. ஆக 3,40,000. கையில் 95,000 இருக்கிறது. இன்னும் 2,45,000 வேண்டும். ஒருவரின் ஒரு நாள் உதவித்தொகையை ஏற்றால் 250, ஒருவரை முழுதாக ஏற்றால் 18,750. கட்டடம் கட்ட, பெயர்ப்பலகை வைக்க ஒரு பைசாவும் போகாது. வகுப்பு வழக்கம்போல நூலகத்துக்குப் பின்னாலுள்ள ஹாலில்தான்.

80ஜி வரிச்சலுகை இன்னும் வாங்கவில்லை, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ரசீது இல்லாமல் குழுவில் யாரிடமும் பணம் தர வேண்டாம், பொருளாளரிடமும்தான். அப்புறம் ஒன்று: தாத்தா பாட்டி காலத்துக்குப் பின் வாக்கரோ சக்கர நாற்காலியோ பரணில் கிடந்தால் கொடுத்தனுப்புங்கள். துரு ஏறியிருந்தாலும் பரவாயில்லை, வெல்டிங் பட்டறை அண்ணன் சும்மாவே சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.